டாக்ரோலிமஸ் 0.1%, சிரோலிமஸ் 0.1%: ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடலாமா?

வெண்தாழை · மார்ச் 4

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (தோல், மூளை, சிறுநீரகம் என்று பல இடங்களில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ள 9 வயதுப் பிள்ளை. மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் சிவப்பு முடிச்சுகள். சீட்டில் "சிரோலிமஸ் 0.1% களிம்பு, இரவு ஒரு வேளை" என்று இருக்கிறது. மருந்துக்கடையில் அது இல்லை. "டாக்ரோலிமஸ் 0.1% இருக்கு, ரெண்டுமே எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற களிம்புதான், சதவீதமும் ஒண்ணுதான்" என்கிறார்கள். போடலாமா?

உரலும்குழவியும் · மார்ச் 4

வேண்டாம். பேரில் பாதியும் சதவீதமும்தான் ஒன்று, வேலை வேறு. டாக்ரோலிமஸ் இந்த முடிச்சுகளைச் சுருக்காது. பெரிய கெடுதல் வராமல் போகலாம், ஆனால் மூன்று மாதம் வீணாகும். பிறகு "களிம்பெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு" என்று சரியான மருந்தின் மேலும் நம்பிக்கை போய்விடும். சீட்டு எழுதியவரிடமே திரும்பிப் போங்க. காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

உரலும்குழவியும் · மார்ச் 5

காரணம். இரண்டு மருந்துமே செல்லுக்குள் போனதும் எஃப்கேபிபி12 என்ற ஒரே புரதத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். வாசல் வரைக்கும் ஒன்றாக வருகிறவை, உள்ளே போனதும் ஆளுக்கொரு அறைக்குப் போய்விடும். டாக்ரோலிமஸ் ஜோடி கால்சிநியூரின் என்ற நொதியை மடக்குகிறது. அதனால் டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞையை அனுப்ப முடியாது. எக்சிமா என்ற தோல் அழற்சிக்கு அது பலிப்பது இப்படித்தான். சிரோலிமஸ் ஜோடி எம்டாரை மடக்குகிறது. செல் வளரலாமா, பெருகலாமா என்று முடிவு செய்கிற இடம் அது.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் பழுது டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 மரபணுவில். ஒன்று ஹமார்டின் புரதத்துக்கும் மற்றது டியூபெரின் புரதத்துக்கும் உரியது. இரண்டும் சேர்ந்துதான் எம்டாருக்கு பிரேக். பிரேக் போனால் எம்டார் நிற்காமல் ஓடும், தோலில் நாரும் இரத்தக்குழாயும் சேர்ந்து முடிச்சாக வளரும். முகத்தில் இருப்பது அழற்சியே இல்லை, வளர்ச்சி. அழற்சியை அடக்குகிற மருந்துக்கு அங்கே வேலை கிடையாது.

அதனால்தான் "எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற களிம்பு" என்று பொதுவாகச் சொல்வதே இங்கே குழப்பத்தின் வேர். சிரோலிமஸ் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும், உண்மை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதை எழுதியது அதற்காக அல்ல.

மூன்றாம்பிறை · மார்ச் 5

மேலே சொன்னது சரி. தோல் பக்கத்திலிருந்து ஒரு கூடுதல் குறிப்பு. இந்த முடிச்சுகளுக்கு இப்போது ஆஞ்சியோஃபைப்ரோமா என்று பெயர். பழைய சீட்டுகளில் "அடினோமா செபேசியம்" என்று இருக்கும். எண்ணெய்ச் சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பெயர் வைத்தவர்கள் தப்பாக வைத்துவிட்டார்கள். அந்தத் தப்பு இன்னும் தொடர்கிறது: பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பரு என்று நினைத்து பென்சாயில் பெராக்சைடும் ரெட்டினாய்டும் வருடக்கணக்கில் போடுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க: பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சீழ் இருக்கும், ஒன்று போய் ஒன்று வரும். ஆஞ்சியோஃபைப்ரோமாவில் கரும்புள்ளி கிடையாது. வந்த முடிச்சு வந்த இடத்திலேயே இருக்கும். மூக்கு ஓரமும் கன்னமும் மோவாயும் நிறைந்திருக்கும், மேலுதடு பெரும்பாலும் தப்பித்துவிடும். பொதுவாக 2 முதல் 5 வயதுக்குள் தலைகாட்டும், பருவ வயதில் வேகமெடுக்கும். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸைக் கண்டறியும் முக்கிய அளவுகோல்களில் ஒன்றாக எண்ணுவோம்.

நிலாமுற்றம் · மார்ச் 6

இந்த மருந்தே ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்ததுதானே? ராப்பா நூயி என்ற அந்தத் தீவின் இன்னொரு பேரால்தான் சிரோலிமஸுக்கு ராப்பாமைசின் என்றும் பேர். முகத்தில் மண் பூசுவதற்கு இத்தனை ஆராய்ச்சியா!

உரலும்குழவியும் · மார்ச் 6

மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ராஸ்கோபிகஸ் என்ற பாக்டீரியா செய்தது. 1964இல் அந்தத் தீவுக்குப் போன கனடாக் குழு மண்ணை எடுத்து வந்தது. மாண்ட்ரியலில் ஒரு மருந்து ஆய்வகம் 1970களில் அதிலிருந்து பிரித்தபோது தேடியது பூஞ்சைக் கொல்லியைத்தான். எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது என்று தெரிந்ததும் பூஞ்சைக்கு அது ஆகாது என்று ஒதுக்கினார்கள். 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு வாய்வழி திரவமாக வந்தது. முகத்தில் தடவி ஆஞ்சியோஃபைப்ரோமா குறைந்ததாக முதல் அறிக்கை 2010இல். பூஞ்சைக்கு, சிறுநீரகத்துக்கு, முகத்துக்கு என்று மூன்று தடவை உத்தியோகம் மாறிய மருந்து.

உரலும்குழவியும் · மார்ச் 8

வெண்தாழை தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

கிடைக்கிற வடிவம் இரண்டு. தொழிற்சாலையில் தயாரான 0.2% ஜெல்: ஜப்பானில் 2018, அமெரிக்காவில் 2022, ஐரோப்பாவில் 2023 முதல் அனுமதி உண்டு. 6 வயதுக்கு மேல், தினம் இரு வேளை. இரண்டாவது, மருந்தாளுநர் கலந்து தருவது. சீட்டில் "0.1% களிம்பு" என்று இருந்தால் அது கலந்து தருகிற வகை. எல்லாக் கடையிலும் அலமாரியில் இருக்காது. கலந்து தரும் வசதி உள்ள இடத்தைத் தேடணும்.

கணக்கு: 0.1% என்றால் ஒரு கிராம் களிம்பில் 1 மி.கி. மருந்து. 30 கிராம் ட்யூபுக்கு 1 மி.கி. மாத்திரை 30 வேண்டும். 0.2% என்றாலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான்.

தேன்சிட்டு · மார்ச் 8

கடைசி வரி எப்படி? 0.2% என்றால் கிராமுக்கு 2 மி.கி., 30 கிராமுக்கு 60 மி.கி. மாத்திரையும் 60. அதே எண்ணிக்கை எப்படி வரும்?

உரலும்குழவியும் · மார்ச் 8

என் தப்பு. 60தான். 15 கிராம் ட்யூபை மனதில் வைத்து எழுதிவிட்டேன். அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், கலக்கும் இடத்திலும் இதே மாதிரிச் சறுக்கல்தான் நடக்கும். ட்யூப் வாங்கும்போது லேபிளில் மூன்று எண்களைப் பாருங்க: சதவீதம், மொத்த கிராம், கலந்த தேதி. சதவீதத்தை 10ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை மி.கி. என்று வந்துவிடும். 0.1 என்பது 1, 0.2 என்பது 2, 1 என்பது 10.

உரலும்குழவியும் · மார்ச் 11

கலப்பதில் எங்கே கெடும் என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

மூன்று மூலப்பொருள்களில் ஒன்றை வைத்துக் கலப்பார்கள். சுத்தமான தூள், மாத்திரை, வாய்வழி திரவம்.

தூள்தான் நல்லது. சிரோலிமஸ் தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. எத்தனாலில் கரையும். ஆகவே தூளை அப்படியே பெட்ரோலியம் ஜெல்லியில் கொட்டிக் கிளறினால் திட்டுத்திட்டாக நிற்கும், ட்யூபின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறு முனையில் வெறும் ஜெல்லி. முதலில் கண்ணாடிப் பலகையில் ஒரு சில சொட்டு திரவ பாரஃபின் விட்டுத் தூளை நறநறப்பு போகும்வரை ஸ்பாட்டுலாவால் குழைக்கணும். பிறகு அந்தக் குழைவு எவ்வளவோ அவ்வளவு ஜெல்லி, கலந்ததும் அந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு, இப்படி இரட்டித்து இரட்டித்துப் போகணும். 30 மி.கி. தூளை 30 கிராம் ஜெல்லியில் ஒரேயடியாகப் போட்டால் எவ்வளவு நேரம் கிளறினாலும் சீராகாது.

மாத்திரையில் தொல்லை அதிகம். மருந்து 1 மி.கி.தான், மாத்திரையின் எடையோ அதைப் போலப் பல மடங்கு. மீதியெல்லாம் சர்க்கரைப் பூச்சும் நிரப்பு மாவும். 30 மாத்திரையை அரைத்தால் சில கிராம் மாவு களிம்புக்குள் போகிறது. விரலில் தடவிப் பார்த்தால் மெல்லிய மணல் மாதிரி உரசும். அந்த உரசலே குழந்தையின் கன்னத்தைச் சிவக்கவைக்கும், பிறகு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பழி. வேறு வழியில்லாமல் மாத்திரையில் கலந்தால் பூச்சை நீக்கி, நைசாக அரைத்து, சல்லடையில் சலித்த பிறகுதான் மேலே சொன்ன குழைவுக்குப் போகணும். அரைக்கிறவர் முகக்கவசமும் கையுறையும் போட்டிருக்கணும்.

வாய்வழி திரவம் மி.லி.க்கு 1 மி.கி., அதாவது தானாகவே 0.1%. சில இடங்களில் அதை அப்படியே பஞ்சில் தொட்டுத் தடவச் சொன்னதுண்டு. ஆனால் அதில் புரோப்பிலீன் கிளைக்காலும் பாலிசார்பேட்டும் கொஞ்சம் எத்தனாலும் இருக்கின்றன. விழுங்குவதற்குச் செய்தது, தோலுக்குச் செய்ததல்ல. எரியும்.

எரிந்தால் மருந்து கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

உரலும்குழவியும் · மார்ச் 12

மேலே கடைசி வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதியது. எரிச்சலுக்கும் கெட்டுப்போவதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. புது ட்யூபும் எரியும், குறிப்பாக எத்தனால் உள்ள ஜெல். கெட்டுப்போனதைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. சிரோலிமஸின் வளையம் தண்ணீர் பட்டால் உடையும், வெளிச்சமும் காற்றும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். நிறமோ வாசனையோ மாறாமலே மருந்து குறைந்துகொண்டே போகும். அதனால்தான் தண்ணீர் கலந்த கிரீமைவிடத் தண்ணீரில்லாத ஜெல்லிக் களிம்புக்கு ஆயுள் அதிகம், அதனால்தான் ஒளி புகாத ட்யூப். வாய் அகன்ற டப்பாவில் கொடுத்தால் வாங்காதீங்க, திறக்கும் ஒவ்வொரு தடவையும் மொத்தக் களிம்பும் காற்றைப் பார்க்கும்.

0.2% ஜெல்லை 2 முதல் 8 டிகிரிக்குள், அட்டைப்பெட்டியோடு வைக்கணும். உறையக்கூடாது. ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டு வேண்டாம்.

வெண்தாழை · மார்ச் 13

0.1% போதுமா, 1% கேட்டு வாங்கலாமா? அதிகம் இருந்தால் சீக்கிரம் போகும் என்கிறார் ஒருவர்.

மூன்றாம்பிறை · மார்ச் 13

அமெரிக்காவில் 179 பேரை வைத்து 1%, 0.1%, வெறும் களிம்பு என்று ஆறு மாதம் இரவில் மட்டும் தடவிப் பார்த்தார்கள், முடிவுகள் 2018இல் வந்தன. 1% முன்னால், 0.1% அடுத்து, வெறும் களிம்பு கடைசி. இரண்டு அளவிலுமே இரத்தத்தில் குறிப்பிடும்படி மருந்து சேரவில்லை. அந்த வகையில் உங்கள் நண்பர் சொன்னது முழுக்கத் தப்பு அல்ல.

உரலும்குழவியும் · மார்ச் 14

ஒரே அடித்தளத்தில், அதாவது மருந்தைக் கலக்கிற ஜெல்லோ ஜெல்லியோ ஒன்றாக இருக்கும்படி, வைத்து ஒப்பிட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஜப்பானில் 62 பேரோடு நடந்த சோதனையில் 0.2% ஜெல்லை இரு வேளை 12 வாரம் போட்டார்கள். மருந்து போட்டவர்களில் 60% பேருக்கு "நன்றாகக் குறைந்தது" அல்லது அதற்கு மேல், வெறும் ஜெல் போட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி இல்லை. 0.2%ஐ வைத்து 12 வாரத்தில் இவ்வளவு எப்படி? ஜெல்லில் மருந்து எத்தனாலில் கரைந்த நிலையில் இருக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லியில் துகளாகத் தொங்குகிறது. கரைந்த மருந்துதான் தோலுக்குள் நகரும். துகள் ஜெல்லிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், காலையில் முகம் கழுவும்போது சோப்போடு போய்விடும்.

இன்னொரு சங்கடம் மூலக்கூறின் எடை. தோல் வழியாக நுழைய 500 டால்ட்டனுக்குக் கீழே இருந்தால் நல்லது என்று ஒரு பொதுக் கணக்கு. சிரோலிமஸ் 914. இவ்வளவு குண்டான மூலக்கூறை உள்ளே அனுப்புவது அடித்தளத்தின் வேலை. ஆகவே ட்யூபில் "1%" என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். கலந்து தருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எதில் கலக்கிறீங்க?", எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது.

9 வயதுக்கு 0.1%இல் ஆரம்பித்து, தோல் தாங்குகிறதா பார்த்து ஏற்றுவதில் தப்பே இல்லை. ஏற்றுவதை மருத்துவர் செய்யட்டும்.

நிலாமுற்றம் · மார்ச் 15

1.6 மி.கி.க்கு இத்தனை ஜாக்கிரதையா? 0.2% ஜெல்லில் பெரியவர்களுக்கு நாளின் உச்சவரம்பு 800 மி.கி. ஜெல், அதற்குள் மருந்து 1.6 மி.கி.தான். மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் தினமும் 2 மி.கி. விழுங்குகிறார்களே.

உரலும்குழவியும் · மார்ச் 15

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கணக்கு தலைகீழ். விழுங்குகிற சிரோலிமஸில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் அழிந்துவிடும். திரவமாகக் கொடுத்தால் இரத்தத்துக்கு வருவது சுமார் 14%. 2 மி.கி. விழுங்கினால் உள்ளே வருவது கால் மி.கி.க்குச் சற்று மேல். 1.6 மி.கி.யும் தோல் வழியே முழுதாகப் போனால் அதைப் போல ஐந்தாறு மடங்கு ஆகிவிடும். போவதில்லை, ஏனென்றால் முழுத்தோல் ஒரு சுவர். பாதுகாப்பு மொத்தமும் அந்தச் சுவரை நம்பித்தான் இருக்கிறது. மருந்தின் அளவு சின்னது என்பதை நம்பி அல்ல.

ஆகவே புண், கீறல், சவரக்காயம், ஒழுகும் தோல் எதிலும் தடவக்கூடாது. மேலே பிளாஸ்டரோ பிளாஸ்டிக்கோ ஒட்டி மூடக்கூடாது.

மூன்றாம்பிறை · மார்ச் 16

சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாக்ரோலிமஸ் களிம்பே உதாரணம். சாதாரணத் தோலில் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. நெதர்டன் சிண்ட்ரோம் என்ற அபூர்வ நோயில் பிறவியிலேயே தோலின் தடுப்பு பழுது. அந்தக் குழந்தைகளுக்கு எக்சிமா என்று நினைத்து டாக்ரோலிமஸ் தடவியபோது உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு இருப்பதைப் போன்ற அளவு இரத்தத்தில் கண்டது. அதனால் அந்த நோயில் தவிர்க்கச் சொல்லிக் களிம்பின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. "வெளியில் தடவுறதுதானே" என்ற பேச்சு எல்லாத் தோலுக்கும் பொருந்தாது.

உரலும்குழவியும் · மார்ச் 20

தடவும் முறை. ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மென்மையான சோப்பில் முகம் கழுவி, ஒற்றி எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடணும். ஈரத்தோலில் எத்தனால் ஜெல் போட்டால் எரிச்சல் இரட்டிப்பு. 0.2% ஜெல்லில் 6 முதல் 11 வயது வரை நாளுக்கு 600 மி.கி., அதாவது பிதுக்கினால் சுமார் 2 செ.மீ. நீளம். 12க்கு மேல் 800 மி.கி., 2.5 செ.மீ. இது நாள் முழுதுக்கும். இரு வேளை என்றால் பாதி பாதி. 10 கிராம் ட்யூப் உச்சவரம்பில் போடுகிற பெரியவருக்கு 12 நாளில் தீரும், ஒரு மாதம் வந்தால் குறைவாகப் போடுகிறீர்கள் அல்லது முடிச்சு உள்ள இடம் குறைவு.

விரல்நுனியில் எடுத்து முடிச்சு உள்ள இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, மெல்லிய படலமாகப் பரப்பினால் போதும். வெள்ளையாகத் தெரிகிற அளவு கெட்டியாகப் போட்டால் கூடுதலாக எதுவும் உள்ளே போகாது. கண்ணிமை, மூக்குத் துளைக்குள், உதடு வேண்டாம். ஜெல் என்றால் உலரும்வரை அடுப்பு, தீக்குச்சி, சிகரெட் பக்கம் போகவே கூடாது, எத்தனால் பற்றிக்கொள்ளும். தடவிய கையை உடனே சோப்பு போட்டுக் கழுவணும். தடவுகிறவர் கர்ப்பமாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும், அல்லது வேறு யாராவது தடவட்டும்.

சின்னப் பிள்ளைக்கு இரவில் தடவியதும் தூங்க விட்டால் பாதி தலையணைக்குப் போகும். அரை மணி முன்னாலேயே முடித்துவிடுங்க. காலை வேளை போடுபவர்கள் ஜெல் உலர்ந்த பிறகு மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் சன்ஸ்கிரீன். வரிசை மாறினால் மருந்து சன்ஸ்கிரீன் மேலேயே நிற்கும்.

தேன்சிட்டு · மார்ச் 20

தடுப்பூசி பற்றி யாரும் சொல்லவில்லையே.

உரலும்குழவியும் · மார்ச் 20

நல்ல வேளை கேட்டீங்க. வயதுக்குரிய தடுப்பூசிகளை ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடச் சொல்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போது தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்க்கச் சொல்லி ஜெல்லின் குறிப்பில் இருக்கிறது. 9 வயதில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்க.

வெண்தாழை · ஏப்ரல் 9

0.2% ஜெல்லாக மாற்றி எழுதித் தந்தார்கள். மூன்று வாரம். சிவப்பு குறைந்த மாதிரி இருக்கிறது, முடிச்சு அப்படியே. கன்னம் வறண்டு உரிகிறது. நிறுத்தணுமா?

மூன்றாம்பிறை · ஏப்ரல் 9

வரிசை அப்படித்தான். இரத்தக்குழாய்கள் முதலில் அடங்கும், சிவப்பு முதல் சில வாரத்தில் குறையும். நார் பிறகு, முடிச்சின் உயரம் தணிய மாதங்கள் ஆகும். 12 வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால்தான் தொடர வேண்டுமா என்று யோசிக்கணும். 3 வாரத்தில் தீர்ப்பு வேண்டாம்.

வறட்சியும் அரிப்பும் இந்த ஜெல்லில் சகஜம். இரண்டு நாள் விட்டு, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, பிறகு ஒரு வேளையாக ஆரம்பித்து இரு வேளைக்கு வரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்க, பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். தோல் வெடித்திருந்தால் மூடும்வரை கட்டாயம் நிறுத்துங்க. சுவர் கதை நினைவிருக்கட்டும்.

உரலும்குழவியும் · ஏப்ரல் 10

"குறைந்த மாதிரி" என்பதை நம்பாதீங்க. படம் எடுத்து வைங்க. மாதம் ஒரு தடவை, அதே சன்னல் வெளிச்சம், அதே தூரம், ஃபிளாஷ் இல்லாமல், நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. ஓடி விளையாடி வந்த உடனே எடுத்தால் எல்லா முடிச்சும் சிவந்துதான் தெரியும், வெந்நீரில் குளித்த பிறகும் அப்படித்தான். உட்கார்ந்து கால் மணி ஆன பிறகு எடுக்கணும்.

தேன்சிட்டு · ஏப்ரல் 27

லேசர் ஒரே தடவையில் எடுத்துவிடுமே, ஏன் இந்த அவஸ்தை?

மூன்றாம்பிறை · ஏப்ரல் 28

எடுக்கும், திரும்பவும் வரும். மரபணுப் பழுது அங்கேயே இருக்கிறதே. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் சிவப்புக்கு, கார்பன் டை ஆக்சைடு லேசர் தடித்த முடிச்சைச் சீவ. குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கும், தழும்பு விழ வாய்ப்பு உண்டு. எதிர் பக்கமும் சொல்லிவிடுகிறேன்: வருடக்கணக்கில் நார் ஏறிக் கெட்டியான பெரிய முடிச்சுகளிடம் களிம்பு அதிகம் சாதிக்காது. அவற்றை லேசரில் தணித்து, புண் முழுக்க ஆறிய பிறகு களிம்பால் பிடித்துவைப்பது நல்ல கூட்டணி. ஆறும் முன்னே தடவினால் எம்டார் அடங்கிப் புண் ஆறுவதும் தாமதமாகும், மருந்தும் நேராக உள்ளே போகும்.

இளம் வயதில் ஆரம்பித்தவர்களுக்கு நன்றாகப் பலிப்பதும் இதனால்தான். நார் இன்னும் கெட்டியாகியிருக்காது.

நிலாமுற்றம் · மே 2

எவரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் களிம்பும் போடணுமா?

மூன்றாம்பிறை · மே 2

அதுவும் எம்டாரைத்தான் மடக்குகிறது. மூளைக் கட்டிக்கோ சிறுநீரகக் கட்டிக்கோ வலிப்புக்கோ கொடுத்தால் முகமும் தெளிவதுண்டு. அதற்குப் பிறகும் மீதம் இருந்தால்தான் களிம்பைப் பற்றிப் பேச்சு. முகத்துக்காக மட்டும் மாத்திரை கொடுப்பதில்லை: வாய்ப்புண், கொழுப்பு ஏறுதல், தொற்று என்று விலை அதிகம். வலிப்பு மருந்துகளில் கார்பமசெபின், ஃபெனிடாயின் இரண்டும் எவரோலிமஸின் இரத்த அளவை இறக்கிவிடும், அதனால் மாத்திரைக்காரர்கள் அளவு பார்த்துக்கொண்டே இருக்கணும்.

வெண்தாழை · ஜூன் 3

12 வாரம் ஆக இன்னும் ஒரு வாரம். முடிச்சுகள் தணிந்திருக்கின்றன, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இந்த வாரம் நெற்றியிலும் மோவாயிலும் சின்னச் சின்னதாகப் புதுசு. நோய் திரும்புகிறதா?

உரலும்குழவியும் · ஜூன் 3

உச்சியில் மஞ்சளாகச் சீழ் இருக்கிறதா? இருந்தால் அது ஆஞ்சியோஃபைப்ரோமா அல்ல, மருந்தால் வருகிற பரு மாதிரித் தடிப்பு. இந்த ஜெல்லின் தெரிந்த பக்கவிளைவு. மாய்ஸ்சரைசர் எண்ணெய்ப்பசை அதிகம் உள்ளதாக இருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்க. தேன் நிறப் பொருக்கு, பரவுகிற சிவப்பு, காய்ச்சல், உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் என்றால் தொற்று. ஜெல்லை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்க.

வெண்தாழை · ஜூன் 4

சீழ்தான். சரி. 12 வாரம் முடிந்ததும் நிறுத்திவிடலாம்தானே?

மூன்றாம்பிறை · ஜூன் 4

அந்த 12 வாரம் பலிக்கிறதா என்று பார்க்கிற கெடு. பலித்தால் தொடரணும். அடியோடு நிறுத்தினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், சிவப்பு முதலிலும் முடிச்சு பிறகும் திரும்பும். போன வரிசையிலேயே வரும். பிரேக்கை நாம் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். நன்றாகத் தணிந்த பிறகு வாரத்துக்குச் சில நாளாகக் குறைத்துப் பார்ப்பதுண்டு. எத்தனை நாளில் நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், படங்கள்தான் சொல்லணும்.

தேன்சிட்டு · ஜூன் 6

கால்விரல் நக ஓரத்தில் வரும் முடிச்சுக்கும் இதே ஜெல் போடலாமா?

மூன்றாம்பிறை · ஜூன் 6

அங்கே தோல் தடிப்பு, மருந்து போவது கஷ்டம். தொல்லை கொடுத்தால் வெட்டி எடுப்பதே வழக்கம், அதுவும் திரும்ப வரலாம். ஜெல்லுக்கு அனுமதி முகத்து முடிச்சுக்குத்தான்.

உரலும்குழவியும் · ஜூன் 7

மார்ச் 20 குறிப்புக்கு ஒரு திருத்தம். "10 கிராம் ட்யூப் ஒரு மாதம் வந்தால் குறைவாகப் போடுகிறீர்கள்" என்று படித்துவிட்டு ஒருவர் அளவைக் கூட்டிவிட்டாராம். 600, 800 என்பவை உச்சவரம்பு, தினமும் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. மூக்கு ஓரத்தில் மட்டும் முடிச்சு உள்ள குழந்தைக்கு ஒரு ட்யூப் மாதம் தாண்டியும் வரும். அப்படி வந்தால் பார்க்க வேண்டியது, திறந்த பிறகு எத்தனை நாள் என்று ட்யூபோடு வந்த தாளில் போட்டிருக்கும் கெடுவை. திறந்த அன்றே தேதியைப் பேனாவால் ட்யூபின் மேல் எழுதிவிடுங்க. பெட்டியின் மேல் எழுதினால் பெட்டி மாறிப்போகும்.